ஒரு வயல் மண்ணும் பதினெட்டு அட்டைகளும்

பெரிய அதிகாரி செடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். முந்தின நாள் தூறல் போட்டிருந்ததால் மண் இளகியிருந்தது. வேர்க்கடலைச் செடி அப்படியே வந்துவிட்டது. உதறினார். செம்மண் என் புடவைக் கொசுவத்தில் தெறித்தது. வேரில் காய்கள் வரிசையாகத் தொங்கின.

“அடேயப்பா, காய் பிடிப்பு பிரமாதமா இருக்கே!” என்றார்.

கூட வந்தவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். வயலைப் பயிர் செய்யும் கோவிந்தம்மாள் வாயெல்லாம் பல்லாக நின்றாள். பெட்டியிலிருந்து எடுத்த மடிப்புக் கலையாத புடவை. கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அட்டை.

நான் மட்டும் அதிகாரியின் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு காயின் மேல் நின்றது. ஓர் அழுத்து அழுத்தினால் காய் உடையும். உள்ளே என்ன இருக்கிறது என்பது ஊருக்கே தெரிந்துவிடும். என்ன இருக்கும் என்று எனக்கு ஏறக்குறையத் தெரியும். அந்த வயலில் நின்ற ஒன்பது பேரில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அழுத்தாதே, அழுத்தாதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அதே மனசின் இன்னொரு மூலை, அழுத்தித் தொலையேன், இதோடு முடியட்டும் என்றது.

போன வாரம் இதே பத்தியில், அரக்கோணம் ரயிலில் எனக்கு ஜன்னல் இடம் பிடித்து வைத்த பூக்காரிகளைப் பற்றி எழுதியிருந்தேன். சிரித்துச் சிரித்துப் படித்ததாகப் பலர் சொன்னீர்கள். இந்த வாரம் சிரிக்க அதிகமில்லை. எழுதி முடித்ததை என் மகள்தான் முதலில் படித்தாள். “இதை எழுதித்தான் ஆகணுமாம்மா?” என்றாள். ஆகணும். ஓய்வு பெற்ற பிறகும் ஒளித்து வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன்?

ஜீப் நிற்கிற இடம்

அரசாங்கம் விவசாயிக்காகச் செலவழிப்பதை அவன் வயல் வரைக்கும் கொண்டு சேர்ப்பதுதான் வேளாண்மைத் துறையில் என் உத்தியோகம். அப்படித்தான் நியமன உத்தரவில் இருந்தது. அரக்கோணத்தில் வீடு. காலை ரயிலில் திருத்தணி, அங்கிருந்து டவுன் பஸ், பிறகு நடை. எனக்குக் கொடுத்திருந்த கிராமங்களில் ஒன்றில்தான் இந்தக் கதை நடந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். தெற்கே திரும்பினால் மலைக்கோயில் தெரியும். வடக்கே கொஞ்ச தூரம் போனால் கடைப் பலகையெல்லாம் தெலுங்காகிவிடும்.

அந்த ஊரில் பாஸ்கர் என்று ஒருவர். ஒரு காலத்தில் ஊராட்சித் தலைவராக இருந்தவர். பதவி போய் வருஷக்கணக்காகியும் எல்லோருக்கும் அவர் தலைவர்தான், எனக்கும்தான். தார் ரோட்டை ஒட்டி அவருடைய நிலம். மோட்டார் கொட்டகை, வேப்பமரம், நாலு பிளாஸ்டிக் நாற்காலி. ஜீப்பை மரத்தடியிலேயே நிறுத்தலாம். போன் டவர் கிடைக்கும். மேலதிகாரிகளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

புது ரக விதை வந்தால் தலைவர் வயல். செயல்விளக்கத் திடல் போட வேண்டுமென்றால் தலைவர் வயல். களையெடுக்கும் மெஷின், தார்ப்பாய், தெளிப்பான், மானிய விலை ஜிப்சம், எல்லாமே அங்கேதான் இறங்கும். திட்டத்தின் பெயர் எழுதிய பலகையை நட்டால் பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணில் பட வேண்டும் என்பது எங்கள் ஆபீஸில் எழுதாத விதி. ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நட்டால் யார் பார்ப்பார்கள், கொக்கா?

அவர் கேட்டு வாங்கினார் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். நாங்களே கொண்டுபோய்க் கொடுத்தோம். நிலம் தன் பெயரில் இருப்பதைக் காட்டும் சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் என்று எல்லாவற்றிலும் பத்துப் பத்து நகல் எடுத்து மஞ்சப் பையில் வைத்திருப்பார். வாயைத் திறக்கும் முன்னால் நீட்டிவிடுவார். எங்களுக்கோ மார்ச் முடிவதற்குள் இலக்கை முடித்தாக வேண்டும். சிட்டா இல்லாதவர்களை வைத்துக்கொண்டு இலக்கு முடிக்க முடியாது.

கோவிந்தம்மாளுக்குச் சிட்டா இல்லை. ஓடையைத் தாண்டி, வரப்பு மேலேயே நெடுந்தூரம் நடந்து போனால் அவள் பயிர் செய்யும் நிலம். சொந்தக்காரர் சென்னையில் இருக்கிறார். பதினோரு வருஷமாக அவள்தான் குத்தகைக்கு உழுகிறாள். புருஷன் அம்மையார்குப்பத்தில் பவர்லூம் தறிக்குப் போய்விடுவார். நிலத்து வேலை முழுக்க இவள் தலையில். தார்ப்பாய் கேட்டாள், சிட்டா கொண்டு வாங்க என்றேன். விதை மானியம் கேட்டாள், சிட்டா கொண்டு வாங்க என்றேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

ஆனால் கூட்டம் என்றால் முதல் ஆளாக வந்துவிடுவாள். விவசாயிகள் கூட்டத்துக்குத் தலை எண்ணிக்கை காட்ட எங்களுக்கும் இவளைப் போன்றவர்கள் வேண்டும். வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, போண்டாவும் டீயும் கொடுத்து அனுப்பிவிடுவோம். கடைசி வரிசையில் உட்கார்ந்து நான் பேசுவதை ஒரு சொல் விடாமல் கேட்பாள்.

இத்தனை வருஷமாக விவசாயிக்கென்று வந்ததெல்லாம் யாருக்குப் போனது என்று இப்போது உட்கார்ந்து யோசிக்கிறேன். முதலில் எனக்கு. மாசம் பிறந்தால் சம்பளம் வந்தது, மகள் படித்தாள், வீடு எழும்பியது. அடுத்தது தலைவருக்கு. கோவிந்தம்மாளுக்குப் போண்டா போனது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மண் எடுத்த மத்தியானம்

மண்வள அட்டை திட்டம் வந்தது. ஒவ்வொரு விவசாயி நிலத்திலும் மண் எடுத்து, பரிசோதித்து, என்ன சத்து குறைவு, என்ன உரம் எவ்வளவு போட வேண்டும் என்று அட்டையில் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். நல்ல திட்டம்தான், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

மண் எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு வயலில் பல இடங்களில் குழி வெட்டி, குழியின் ஓரத்து மண்ணைச் சீவி எடுத்து, எல்லாவற்றையும் கலந்து, அதில் அரைக் கிலோ துணிப்பையில் போட்டு, விவசாயி பெயர் எழுதி அனுப்ப வேண்டும். ஒரு வயலுக்கு ஒழுங்காகச் செய்தால் ஒரு மணி நேரம் ஆகும். எனக்கு ஒரு வாரத்தில் முடிக்கச் சொன்ன எண்ணிக்கையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

கத்திரி வெயில். கடைசி நாள். இன்னும் பதினெட்டுப் பை பாக்கி, எல்லாம் ஓடைக்கு அந்தப் பக்கத்து நிலங்கள். செருப்பு வார் வேறு அறுந்துவிட்டது. தலைவர் நிலத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பங்கனப்பள்ளி மாம்பழத்தை நறுக்கித் தட்டில் வைத்துக் கொடுத்தார்.

“இந்த வெயில்ல எங்க மேடம் அலையப் போறீங்க? மயக்கம் போட்டு வுழுந்தா யாரு தூக்கிகினு வர்றது? மண்ணுதானே, இங்கயே எடுத்துக்கோங்க. எல்லாம் ஒரே ஊரு மண்ணுதான்” என்றார்.

ஒரே ஊரு மண்ணு இல்லை என்பது எனக்குத் தெரியாதா? அதைப் படித்துத்தான் உத்தியோகத்துக்கு வந்தேன். இருந்தாலும் மண்வெட்டியை வாங்கி அவர் வயலிலேயே வெட்டினேன். பதினெட்டுப் பையிலும் அதே மண்ணை நிரப்பினேன். ஆய்வகத்தில் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதே என்று சில பைகளில் வரப்பு மண்ணை ஒவ்வொரு பிடி கலந்தேன். என்ன கெட்டிக்காரத்தனம் பாருங்கள்! பெயருக்கு எங்கே போவது? என் கைப்பையில் கூட்டத்து வருகைப் பதிவு இருந்தது. அதைப் பார்த்து ஒவ்வொன்றாக எழுதினேன். பதினேழாவது பை கோவிந்தம்மாள்.

அன்றைக்குக் குற்ற உணர்ச்சியெல்லாம் வரவில்லை, பொய் சொல்லக்கூடாது. மாலை ரயில் கிடைத்த சந்தோஷம்தான் இருந்தது.

மைக் பிடித்தேன்

சில வாரங்களில் அட்டைகள் வந்தன. ஊராட்சி அலுவலகத்தில் பந்தல் போட்டு விநியோகம். மைக்கை என்னிடம் கொடுத்தார்கள். மைக் கிடைத்தால் எனக்குள் வேறு ஆள் வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் சோப்பு டப்பா வாங்கியவள் நான்.

“இது மண்ணுக்கு ரத்தப் பரிசோதனை மாதிரி. டாக்டர் எழுதாத மாத்திரையை நீங்க முழுங்குவீங்களா? அட்டையில இல்லாததை ஒரு பிடிகூடப் போடாதீங்க. போட்டா உங்க மண்ணுக்கு நீங்களே விஷம் வைக்கிறீங்க” என்று முழங்கினேன். கைதட்டினார்கள்.

ஊரில் முக்கால்வாசிப் பேர் அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்கள். சிலர் அங்கேயே விசிறிக்கொண்டார்கள். அந்த வருஷம் யாரும் அட்டையைப் பார்த்து உரம் போடவில்லை, எப்போதும் போடுவதையே போட்டார்கள். ஊரார் என் பேச்சை மதிக்காததால் பிழைத்தார்கள்.

கோவிந்தம்மாள் மட்டும் மதித்தாள். கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்து அட்டையைத் தடவித் தடவிக் காட்டினாள்.

“இன்னா மேடம், எம் பேரு, எங்க வூட்டுக்காரு பேரு, எல்லாம் கரெக்டா போட்டுகீது! சிட்டா இல்லாம எப்படிக் குடுத்தீங்க?”

“உழுறவங்களுக்குத்தான் அட்டை” என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. விவசாயி என்று அவள் பெயரைப் போட்டு வந்த முதல் காகிதம் அது. மறுநாளே திருத்தணிக்குப் போய் ஜெராக்ஸ் கடையில் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டு வந்தாளாம். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆமாம், பெருமையாகத்தான் இருந்தது, என்னை என்ன சொல்ல!

ஆடிக் கிருத்திகை பஸ்

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு நானும் மலைக்குப் போனேன். பஸ்ஸில் மஞ்சள் உடுத்தினவர்கள் கூட்டம், பூக்காவடி ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நசுங்கிக்கொண்டு நின்றபோது யாரோ என் தோளைத் தட்டினார்கள். கோவிந்தம்மாள்.

“மேடம், வேர்க்கல்ல சூப்பரா வந்துகினுகீது. நாப்பது நாள் ஆவுது. ஜிப்சம் போடல மேடம்!”

பெரிய பரீட்சையில் பாஸ் செய்தவள் போலச் சொன்னாள். “ஏன் போடலை?” என்றேன்.

“அட்டையிலதான் வேணாம்னு போட்டுகீதே? எங்க நைனா காலத்துலேர்ந்து ஜிப்சம் போடாம கல்ல எடுத்ததே இல்ல. பக்கத்துல எல்லாரும் திட்டுறாங்கோ. நானு, மேடம் சொல்லிட்டாங்க, அதுதான்னுட்டேன்.”

வேர்க்கடலைக்கு நாற்பதிலிருந்து நாற்பத்தைந்து நாளுக்குள் ஜிப்சம் போட்டுச் செடியைச் சுற்றி மண் அணைக்க வேண்டும். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து இல்லாத மண்ணில் போடாமல் விட்டால் செடி செழிப்பாகத்தான் இருக்கும், காயும் பிடிக்கும். காய்க்குள் பருப்பு இருக்காது. வெறும் பொக்கு. வெளியே பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தலைவர் வயலில் வருஷா வருஷம் நாங்கள் கொடுத்த மானிய ஜிப்சம் கொட்டிக் கொட்டி மண் நிறைந்து கிடந்தது. அதனால் அந்த மண்ணுக்குத் தேவையில்லை என்று அட்டை சொன்னது. கோவிந்தம்மாளுடையது சரளைக் காடு, அதில் அந்தச் சத்து ஏது?

“இந்த வாட்டி தப்பே வுடக்கூடாது மேடம்” என்று அவள் என் காதருகே சொன்னாள். “ஓனரு இந்த வெளச்சலப் பாத்துட்டுதான் சொல்வாராம். நல்லா வந்தா நெலம் என்கிட்டயே இருக்கும். இல்லாட்டி மாங்கன்னு வச்சி வேலி போட்டுடறேன்னுட்டாரு. அதான் அட்டை பிரகாரமே பண்ணிகினு வர்றேன்.”

அப்போதே சொல்லியிருக்கலாம். இன்னும் ஐந்து நாள் இருந்தது. வாய் வரைக்கும் வந்தது. பஸ் முழுக்க அரோகரா, அரோகரா என்று சத்தம். இத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே ஒரு சாக்கு சொல்லிக்கொண்டேன். மலையேறி சந்நிதியில் நின்றபோது கும்பிடத் தோன்றவில்லை. நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று நாளைத்தான் எண்ணினேன்.

இரண்டு மூட்டை

அட்டை தப்பு என்று சொன்னால், ஏன் தப்பு என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் பதினெட்டுப் பேருடைய அட்டையும் தப்பு என்று ஆகும். விசாரணை வரும். எனக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம்கூட இல்லை. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆபீஸில் யார் என் பெயரைக் கூப்பிட்டாலும் திடுக்கென்றது.

இரண்டு நாள் கழித்து ஒரு வழி தோன்றியது. உண்மையைச் சொல்லாமலே ஜிப்சத்தைப் போட வைத்துவிட்டால்? தலைவரிடம் போய் இரண்டு மூட்டை கேட்டேன்.

“இன்னா மேடம், மாடியில கல்ல போட்டுகீறீங்களா?” என்று சிரித்தார். எதற்கு என்று கேட்காமலே எடுத்துக் கொடுத்தார். அந்த விஷயத்தில் தாராளமானவர்.

ஷேர் ஆட்டோவில் ஓடை வரைக்கும் கொண்டுபோய் இறக்கினேன். கோவிந்தம்மாள் வரப்பில் ஓடி வந்தாள். மூட்டையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“இதைப் போட்டுடுங்க, கோவிந்தம்மா. இலவசம்தான்” என்றேன்.

“ஜிப்சமா? அட்டையில வேணாம்னு போட்டுகீதே மேடம்.”

“மேலேர்ந்து புதுசா உத்தரவு வந்திருக்கு.”

என் முகத்தையே பார்த்தாள். பிறகு கெக்கெக்கே என்று சிரித்துவிட்டாள். “அய்யே, என்னை சோதிக்கிறீங்களா மேடம்? நான் அட்டைய நம்பறனா, எவனாச்சும் குடுத்தா வாங்கிப் போட்டுக்கறனான்னு பாக்கறீங்களா? வெஷம்னு நீங்கதானே மைக்ல சொன்னீங்கோ?”

“சோதிக்கலைம்மா. நிஜமாத்தான் சொல்றேன், போடுங்க.”

“ஆங், போடறேன். அட்டைய எடுத்துகினு வர்றேன், அதுல மாத்தி எழுதி ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க. நாளைக்கு யாராச்சும் கேட்டா நான் காமிக்கணும் இல்ல?”

பேனா என் கைப்பையில் இருந்தது. அட்டையைத் திருத்தினால் அது என் கையெழுத்தோடு ஊரெல்லாம் சுற்றும் என்று நினைத்தேன். கை போகவில்லை. “பஸ்ஸுக்கு நேரமாச்சு, அப்புறம் எழுதித் தர்றேன்” என்று சொல்லிவிட்டு ஏறக்குறைய ஓடி வந்தேன்.

மறுநாள் அவள் பக்கத்து வயல்காரருடைய சைக்கிளில் இரண்டு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு தலைவர் வீட்டில் இறக்கிவிட்டாள். “உங்க பேரு போட்ட மூட்டைய மேடம் என்னை சோதிச்சிப் பாக்க எடுத்துகினு வந்தாங்க, நானா ஏமாறுவேன்?” என்றாளாம். தலைவர் இதை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். நாற்பத்தைந்தாம் நாளும் போனது. அதற்கப்புறம் போட்டுப் பெரிதாகப் பயனில்லை.

வட்டாரத்துக்கே ஓர் ஆள்

தலைவர் சொன்ன கதை எங்கள் உதவி இயக்குநர் காதுக்கும் போனது. அவரோ அப்போது வேறொரு தவிப்பில் இருந்தார். சென்னையிலிருந்து ஒரு குழு வருகிறது, அட்டையைப் பார்த்து உரம் போட்ட விவசாயி ஒருவரைக் காட்ட வேண்டும். வட்டாரம் முழுக்கத் தேடியும் ஒருவர்கூட அகப்படவில்லை.

“மேடம், உங்க ஊர்ல ஒரு அம்மா ஜிப்சம் இலவசமா கொடுத்தும் வாங்கலையாமே! அவங்கதான் நமக்கு வேணும்” என்றார்.

“சார், அந்த வயலுக்கு ஜீப் போகாது” என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் அதுதான்.

“நடப்பாங்க” என்றார்.

அத்தனை வருஷத்தில் எந்தப் பெரிய அதிகாரியும் தாண்டாத ஓடை அது. நான் கோவிந்தம்மாளிடம் போய், குழு வருகிற வரைக்கும் ஒரு செடியைக்கூடப் பிடுங்காதீங்க, அவங்க கையாலதான் முதல் செடி பிடுங்கணும் என்று சொன்னேன். அவளுக்கு அது மரியாதை. எனக்கு அது பயம். அவள் காயை உடைத்துப் பார்க்கும் நாளைத் தள்ளிப்போடுவதற்காகத்தான் சொன்னேன். அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள்.

அப்படித்தான் அந்த வயலுக்கு ஒன்பது பேர் வந்து சேர்ந்தோம். வரப்பில் நடந்து பழக்கமில்லாத இரண்டு பேர் சேற்றில் காலை விட்டார்கள். பெரிய அதிகாரி செடியைப் பிடுங்கினார். கட்டைவிரல் காயின் மேல் நின்றது.

“சார், கொஞ்சம் தூக்கிப் பிடிங்க, முகத்துக்கு நேரா” என்றார் போட்டோக்காரர்.

விரல் விலகியது. அவர் செடியைத் தூக்கிப் பிடித்தார். ஒரு பக்கம் கோவிந்தம்மாள் அட்டையோடு, இன்னொரு பக்கம் என்னை இழுத்து நிறுத்தினார்கள். “யாரும்மா உங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுத்தது?” என்று கேட்டார். “த்தோ, மேடந்தான்” என்று அவள் என் கையைப் பிடித்தாள். “இந்த மாதிரி களப்பணியாளர்தான் நமக்கு வேணும்” என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னார். கைதட்டினார்கள். செடியை வரப்பில் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்கள். ஒருவர்கூட ஒரு காயை உடைத்துப் பார்க்கவில்லை.

பச்சைக் கடலை

“நீங்க போங்க சார், நான் பின்னாடி வர்றேன்” என்று நின்றுவிட்டேன். ஏன் நின்றேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

கோவிந்தம்மாள் வரப்பில் கிடந்த செடியை எடுத்தாள். “பச்சக் கல்ல தின்னுட்டுப் போங்க மேடம், பாலா இருக்கும்” என்று ஒரு காயைப் பிய்த்து உடைத்தாள். உள்ளே ஒன்றுமில்லை. தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்றை உடைத்தாள். அதிலும் இல்லை. மூன்றாவதில் சுருங்கின தோல் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

நடு வயலுக்குப் போய் ஒரு செடி பிடுங்கினாள். பிறகு கிழக்கு மூலையில் ஒன்று. பிறகு ஓடைப் பக்கம். உடைக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. புதுப் புடவையெல்லாம் மண்ணாகிவிட்டது. இரண்டு கையிலும் உடைந்த காயோடு திரும்பி வந்தாள்.

“இன்னா மேடம் இது? பூச்சியா? நான் எதுனா தப்பு பண்ணிட்டனா?”

பூச்சி என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். மருந்து எழுதிக் கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். பூச்சி என்றே சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன், அதையும் மறைக்கவில்லை.

அந்த நிலம் இப்போது அவளிடம் இல்லை. நிலத்துக்காரர் சொன்னபடி மாங்கன்று வைத்து வேலி போட்டுவிட்டார். அவர் பேரில் சிட்டா இருந்ததால் சொட்டுநீர்க் குழாய்க்கு மானியம் கிடைத்தது. அந்த விண்ணப்பத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவளும் நான்தான், எல்லாக் காகிதமும் ஒழுங்காக இருந்தது. கோவிந்தம்மாள் நூறு நாள் வேலைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். அவளைத் தேடிப் போக எனக்குத் தைரியம் இல்லை. எங்கள் மூவருடைய போட்டோ மட்டும் எங்கள் துறையின் அந்த வருஷத்துக் கையேட்டில் வந்தது.

ஆனால் அன்றைக்கு அவள் எதிரே நின்றுகொண்டு உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“நீங்க ஒரு தப்பும் பண்ணலை, கோவிந்தம்மா. அட்டைதான் தப்பு. அது உங்க மண்ணே இல்லை. உங்க நிலத்துக்கு நான் வரவே இல்லை. வெயிலுக்குப் பயந்துகிட்டு வேற இடத்துல எடுத்து உங்க பேரை எழுதிட்டேன்.”

“அப்போ அட்டையில கீறது யாரு மண்ணு?” என்றாள்.

“தலைவருது.”

திட்டுவாள், கையிலிருப்பதை என் மூஞ்சியில் வீசுவாள் என்று காத்துக்கொண்டு நின்றேன். வீசினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. “திட்டுங்க, கோவிந்தம்மா” என்றுகூடச் சொன்னேன். அவள் திட்டவில்லை. கையிலிருந்த பொக்கையெல்லாம் கீழே உதறினாள். இடுப்பில் செருகியிருந்த அட்டையை எடுத்து, தன் பெயர் இருக்கும் இடத்தைப் பார்த்தாள்.

“கவர்மெண்ட்லேர்ந்து எம் பேர்ல வந்தது இந்த ஒரு காயிதந்தான் மேடம்” என்றாள். “இதுலயும் அவருதானா?”